அலுமாரிக்குப் பின்னாலுள்ள சுவர்

கேள்வி: வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில், மூன்று அறைகள் கொண்ட பிளட்டில் இருக்கிறோம். 2019 இல் குடிவந்தபோது உள்ளே முழுவதும் பெயின்ட் அடித்தோம். இப்போது ஹோல் மங்கிவிட்டது. சுவிட்சுகளைச் சுற்றிக் கை அழுக்கு. மார்கழியில் கனடாவிலிருந்து மச்சாள் குடும்பம் வந்து ஒரு மாதம் தங்கப்போகிறது. அதற்குள் அடித்துவிட வேண்டும் என்பது என் ஆசை. இவர், “இன்னும் இரண்டு வருடம் தாங்கும்” என்கிறார். எத்தனை வருடத்துக்கு ஒரு முறை அடிக்க வேண்டும்? கையிலுள்ள பணத்துக்கு ஹோலும் எங்கள் அறையும் செய்யலாம். மாமி ஊர் வீட்டை மச்சாளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு எங்களுடன் இருக்கிறார். அவருடைய அறையில் குளியலறைப் பக்கச் சுவர் பொரிந்து கறுத்திருக்கிறது. அலுமாரியை அந்தப் பக்கம் தள்ளி மறைத்துவிட்டோம். விருந்தாளிகள் அங்கே போவதில்லை என்பதால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஹோலுக்கு எந்த நிறம் பொருத்தம்?

— வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஐப்பசி பிறந்தால் இந்தக் கடிதம் வந்துவிடும். வெளிநாட்டு உறவினர் மார்கழிக்கு வருகிறார்கள், அதற்குள் ஹோல் பளபளக்க வேண்டும், எந்த நிறம் அடிக்கலாம் என்று கேட்பார்கள். நீங்கள் கேட்டதும் அதுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஹோல் அல்ல, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன அலுமாரி.

விருந்தாளிகள் மாமியின் அறைக்குப் போவதில்லை என்கிறீர்கள். வரப்போகிறவர் யார்? மாமி பெற்ற மகள். கட்டுநாயக்கவிலிருந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றியதும் அவர் எங்கே போய் உட்காருவார்? உங்கள் சோபாவிலா, அம்மாவின் கட்டிலிலா? இரவு இரண்டு பேரும் அந்த அறையில்தான் பேசிக்கொண்டு படுத்திருப்பார்கள். இதை நீங்கள் யோசிக்கவே இல்லை.

ஆனாலும், மச்சாள் பார்த்துவிடுவார், ஆகவே அதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் செய்தால் அதுவும் விருந்தாளிக்காகச் செய்ததாகிவிடும். அந்த அறையில் ஒரு வயதான மனிதர் தினமும் படுத்து எழும்புகிறார். இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

மாமி ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைப்பீர்கள். சொல்லமாட்டார். ஊரில் கிணறும் முற்றமுமாக ஒரு வீட்டை ஆண்டு, அதை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கொழும்பில் மகனுடைய பிளட்டில் ஓர் அறைக்குள் வந்து சேர்ந்த தாய்மாரை எனக்கு நன்றாகத் தெரியும். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டுவதற்கும் கேட்டுக்கொண்டுதான் கூட்டுவார்கள். அவர்களா வந்து சுவர் ஈரமாக இருக்கிறது, பணம் செலவழியுங்கள் என்று சொல்வார்கள்? பெரியவர்கள் வாய்விட்டுக் கேட்கும்வரை நாம் காத்திருப்பதே பிழை.

இன்று ஒரு காரியம் செய்யுங்கள். அந்த அலுமாரியின் அடித்தட்டில், பின்பக்கமாக மடித்து வைத்திருக்கும் சேலை ஒன்றை எடுத்து முகர்ந்து பாருங்கள். மக்கல் வாடை அடித்தால், அதைத்தான் மாமி இரவெல்லாம் சுவாசிக்கிறார். ஈரச் சுவரில் அலுமாரியை ஒட்டி வைத்தால் காற்று ஓடாது. காற்று ஓடாத ஈரத்தில் பங்கசு தழைக்கும். பங்கசு பிடித்த வீட்டில் இருமலும் இழுப்பும் கூடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட வழிகாட்டலிலேயே சொல்லியிருக்கிறது. நீங்கள் மறைத்தது கறையை மட்டும்தான். நோயை அலுமாரிக்குப் பின்னால் வளர விட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கணவருக்கும் இதில் பங்கு உண்டு. அந்த அலுமாரியை நீங்கள் தனியாகத் தள்ளியிருக்க முடியாது. மறுபக்கத்தைப் பிடித்தவர் அவராகத்தான் இருக்கும். மாமியாரின் அறை சரியில்லை என்றால் மருமகளைக் குறை சொல்வது நம் சனத்தின் வழக்கம். நான் சொல்லமாட்டேன். தாயின் அறை மகனின் பொறுப்பு. ஹோல் இன்னும் இரண்டு வருடம் தாங்கும் என்று கணக்குப் பார்த்தவர், தன் தாயின் தலைமாட்டில் இருக்கும் சுவரை ஏன் பார்க்கவில்லை? இந்தப் பதிலை அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

சீதனம் வாங்கியவர் மச்சாள்தானே, அவர் பார்க்கட்டும் என்ற கணக்கு உங்கள் மனதில் ஓடலாம். சீதனத்தை எதற்காகக் கடிதத்தில் எழுதினீர்கள் என்று எனக்கு விளங்குகிறது. அந்தக் கணக்கை மூடி வையுங்கள். தாய் எந்தக் கூரையின் கீழ் படுக்கிறாரோ, அந்தக் கூரைக்கு உரியவர்தான் பொறுப்பு. மச்சாள் தானாகப் பணம் தந்தால் வாங்குங்கள். அதை எதிர்பார்த்து வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பொதுவாக ஹோலும் படுக்கையறைகளும் 5 முதல் 7 வருடம் தாங்கும். ஆவியும் எண்ணெயும் படிகிற சமையலறையும் குளியலறையும் 3, 4 வருடத்தில் கேட்கும். சீலிங் இன்னும் கூடுதலாக நிற்கும். ஆனால் வருடக் கணக்கை மட்டும் நம்பி அடிப்பது வீண் செலவு. சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். கறுப்புத் துணியால் தேய்த்தால் வெள்ளை மா போல ஒட்டுகிறதா? பெயின்ட் உயிர் விட்டுவிட்டது. கழுவியும் கறை போகவில்லையா? அடிக்கலாம். உரிகிறதா, கொப்புளிக்கிறதா, உப்புப் பூத்திருக்கிறதா? அப்போது பெயின்ட் வாளியைத் தொடவே கூடாது; முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

உங்கள் ஹோலுக்கு மங்கலும் கை அழுக்கும் மட்டும்தான் குறை. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு, மென்மையான பஞ்சால் கீழிருந்து மேலாகத் துடையுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழிகிற அழுக்கு நீர் கோடு போட்டுவிடும். சுவிட்சுகளைச் சுற்றித் துணியை நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடையுங்கள். மச்சாளை வரவேற்க அது போதும்.

ஹோலுக்கு ஒதுக்கிய பணம் மாமியின் அறைக்குப் போகட்டும். முதலில் அலுமாரியை இழுத்து நடுவில் விடுங்கள். வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தண்ணீர் மீற்றரை ஒரு மணி நேரம் கவனியுங்கள். அது நகர்ந்தால் குழாய் எங்கோ கசிகிறது. நகரவில்லை, ஆனால் குளித்த பிறகு ஈரம் கூடுகிறது என்றால் குளியலறை மாபிளின் இடுக்குகளாலோ கழிவு நீர் போகும் வழியாலோ நீர் இறங்குகிறது. சுவரின் மேல்பகுதியிலிருந்து ஈரம் இறங்குமானால் மேல் வீட்டுக் குளியலறையைச் சந்தேகிக்க வேண்டும். மரியாதையாகப் போய்ப் பேசுங்கள், கட்டடத்தின் முகாமைத்துவக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். அசையாவிட்டால், அடுக்குமாடி வீடுகளுக்குப் பொறுப்பான அரச நிறுவனமான கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையிடம் முறையிட வழி இருக்கிறது. நம்மவர்கள் அயலவரோடு முகம் முறியக்கூடாது என்று வருடக்கணக்காக ஈரத்தைச் சகித்துக்கொண்டிருப்பார்கள். அந்த நல்ல பெயருக்கு விலை கொடுப்பது அந்த அறையில் படுக்கிறவர்.

கசிவு நின்ற பிறகு, பொரிந்த பெயின்டைச் சாந்து தெரியும்வரை சுரண்டி எடுக்க வேண்டும். உப்புப் பூத்த இடத்தை நீர் விடாமல் உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். நீர் பட்டால் உப்புக் கரைந்து திரும்பவும் சுவருக்குள் போய்விடும். கறுப்புப் பங்கசை உலர்வாகத் தேய்க்கக் கூடாது, தூள் அறையெங்கும் பறக்கும். ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டுத் துடையுங்கள். கையுறையும் முகக்கவசமும் வேண்டும், யன்னல் திறந்திருக்க வேண்டும். கழிவறை கழுவும் அசிட்டை ப்ளீச்சோடு ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும். இந்த வேலை நடக்கும்போது மாமி வீட்டிலேயே இருக்க வேண்டாம், கோயிலுக்கோ உறவினர் வீட்டுக்கோ கூட்டிச் செல்லுங்கள்.

பெயின்டர் வந்து பார்த்துவிட்டு, “பட்டி போட்டு இரண்டு கோட் அடித்தால் ஒன்றும் தெரியாது” என்பார். சம்மதிக்காதீர்கள். ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் அடுத்த மழைக்கு உரியும், அப்போது அவர் வேறு வீட்டில் வேலை செய்துகொண்டிருப்பார். சுவர் காய்ந்துவிட்டதா என்று நீங்களே பார்க்கலாம். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் தாளை நான்கு விளிம்பிலும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர் முத்து முத்தாக நின்றால் சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. புதிதாகச் சாந்து பூசியிருந்தால் 28 நாட்களாவது பொறுக்க வேண்டும்.

இப்போது மாதத்தைப் பாருங்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கொழும்பில் பின்னேரமானால் இடியோடு மழை கொட்டும் காலம். சுவர் இலேசில் காயாது. தையும் மாசியும்தான் இங்கே காய்ந்த மாதங்கள். ஆகவே மச்சாள் வருவதற்குள் அந்த அறைக்குப் பெயின்ட் அடித்து முடியாது. முடிக்கவும் வேண்டாம். கசிவை நிறுத்தி, சுரண்டி, கழுவி, காய விட்ட சுவரோடு அறை இருக்கட்டும். சாந்து தெரிகிற சுவரில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதுவரை மாமியை உங்கள் அறைக்கு மாற்றுங்கள். நீங்களும் கணவரும் ஹோலில் பாய் விரித்துப் படுங்கள். இதைப் படிக்கும்போது உங்களுக்குக் கோபம் வரலாம், வரட்டும். இரண்டு மூன்று மாதம் ஹோலில் படுப்பது உங்கள் வயதுக்குப் பெரிய காரியமல்ல. மச்சாளிடம் உங்கள் கணவரே தொலைபேசியில், “அம்மாவின் அறைச் சுவரில் ஈரம் இறங்கிவிட்டது, கவனிக்காமல் விட்டது என் பிழை, திருத்திக்கொண்டிருக்கிறேன்” என்று முன்கூட்டியே சொல்லட்டும். வந்து பார்த்துத் தெரிந்துகொள்ள விடாதீர்கள்.

தை பிறந்து சுவர் காய்ந்ததும், சுண்ணத்தின் காரத்தைத் தாங்கும் ப்ரைமர் ஒரு கோட், அதற்கு மேல் தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் இரண்டு கோட் அடியுங்கள். சுவருக்கு எனாமல் வேண்டாம். மிச்ச ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். 10 அடிக்கு 12 அடி அறையென்றால் நான்கு லீற்றர் வாளி இரண்டு போதும். அலுமாரியைத் திரும்ப வைக்கும்போது சுவருக்கும் அதற்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

பழைய சோனகத் தெருக் கடைகளில் நிற அட்டை கேட்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் மாமியிடம் கொடுங்கள். “உங்களுக்குப் பிடித்ததைச் செய்யுங்கோ” என்றுதான் முதலில் சொல்வார். அதை விடையாக எடுத்துக்கொண்டு எழும்பிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஊர் வீட்டுச் சுவர் என்ன நிறம் என்று கேளுங்கள். அவர் விரல் வைக்கிற நிறம் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அதையே அடியுங்கள்.

ஹோலுக்கு நிறம் கேட்டிருந்தீர்கள். மாமியின் அறை முடிந்த பிறகு எழுதுங்கள், சொல்கிறேன்.