மாத்திரை ஒன்று, மருந்து இரண்டு: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளில் பாதி ஆன்டிபயாட்டிக் பற்றியே இருக்கின்றன. சரி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசிவிடலாம்.

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். காலில் மட்டை முள் ஏறிச் சீழ் வைத்துவிட்டது. முதலில் போன கிளினிக்கில் அமோக்சிசிலின் கொடுத்தார்கள், கேட்கவில்லை. அப்புறம் வேறு டாக்டர் 625 என்று ஒரு பெரிய மாத்திரை எழுதினார். பெட்டியைப் பார்த்தால் அதே அமோக்சிசிலின், கூடவே கிளாவுலனிக் அமிலம் என்று இன்னொன்று. கேட்காத மருந்தையே பவர் கூட்டிக் கொடுக்கிறார்களா?
_தோட்டத்து வாசகி_

பதில்: நல்ல கேள்வி அம்மா. பெட்டியைப் படித்தீர்களே, அதுவே பாதிப் பேர் செய்யாத காரியம். அந்த 625-ல் அமோக்சிசிலின் 500 மில்லிகிராம், கிளாவுலனிக் அமிலம் 125 மில்லிகிராம். முதல் கிளினிக்கில் கொடுத்ததும் 500 மாத்திரையாகத்தான் இருந்திருக்கும், ஆக கிருமியைக் கொல்லும் மருந்து கொஞ்சமும் கூடவில்லை. புதிதாகச் சேர்ந்த 125 கிருமியைக் கொல்வதற்கென்று சேர்த்ததும் இல்லை, தனியாகக் கொடுத்தால் அது பெரிதாக ஒன்றும் செய்யாது.

அப்படியானால் எதற்கு? பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றிலும் பீட்டா லாக்டம் என்று ஒரு சின்ன வளையம் உண்டு, மருந்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. தோல் புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளில் பெரும்பாலானவை பீட்டா லாக்டமேஸ் என்ற என்சைமைச் சுரந்து அந்த வளையத்தை வெட்டிவிடுகின்றன. ஒரு என்சைம் ஒரு மருந்தை வெட்டிவிட்டு ஓய்ந்துவிடாது, அடுத்தது, அடுத்தது என்று போய்க்கொண்டே இருக்கும், அதனால்தான் வெறும் அமோக்சிசிலினை எத்தனை விழுங்கினாலும் அந்தப் புண்ணில் எடுபடவில்லை. கிளாவுலனிக் அமிலத்திலும் அதே மாதிரி வளையம் இருக்கிறது. என்சைம் ஏமாந்து அதையும் வெட்டப் போகும், வெட்டியதும் அது என்சைமை விடாமல் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். பால்மரக் காலத்து ஆட்களுக்குச் சொன்னால் உடனே புரியும், கத்தரிக்கோல் வாயில் ஒட்டுப்பால் அப்பிக்கொண்ட கதைதான். வெட்ட ஆள் இல்லாமல் போனதும் அமோக்சிசிலின் தன் வேலையைப் பார்க்கும்.

ஆகவே இது பவர் சமாச்சாரம் இல்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்: கிருமி இந்த என்சைமால் தப்பித்தால்தான் இந்தக் கூட்டு உதவும். எம்ஆர்எஸ்ஏ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், பெனிசிலின் வகை மருந்துகளுக்கு மசியாத ஸ்டாஃபிலோகாக்கஸ், அது மருந்தை வெட்டுவதோடு நிற்பதில்லை, மருந்து போய்ப் பிடிக்க வேண்டிய புரதத்தையே மாற்றி வைத்திருக்கும், அங்கே கிளாவுலனிக் அமிலம் எவ்வளவு சேர்த்தாலும் பயனில்லை. முள்ளின் நுனி உள்ளேயே முறிந்து கிடந்தாலும், சீழை வெளியே எடுக்காமல் விட்டாலும் அதே கதைதான். வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? நம் ஆட்களிடம் அது அதிகம். கால் புண் ஆறாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்காமல் விடவே கூடாது. காய்ச்சல் வந்தாலோ சிவப்பு மேலே ஏறினாலோ மாத்திரை முடியட்டும் என்று காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: வீட்டில் 375 மாத்திரை மிச்சம் இருக்கிறது. 625-க்குப் பதில் அதில் இரண்டு போட்டால் கணக்கு சரியாகிவிடும்தானே?
_மளிகைக் கடைக்காரர்_

பதில்: ஆகாது அண்ணே. 375 என்பது அமோக்சிசிலின் 250, கிளாவுலனிக் அமிலம் 125. இரண்டு போட்டால் அமோக்சிசிலின் 500 சரியாக வரும், ஆனால் கூட்டாளி 250 ஆகிவிடும், தேவைக்கு இரட்டிப்பு. வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணமே அந்தக் கூட்டாளிதான், ஈரலுக்கும் அதனால் தொந்தரவு வரலாம். அபூர்வம்தான், ஆனாலும் வயதான ஆண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும், மருந்தை நிறுத்திச் சில வாரம் கழித்துக்கூட மஞ்சள் காமாலை தலைகாட்டலாம் என்பதால் யாருக்கும் இந்த மாத்திரை மேல் சந்தேகமே வராது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடவே கூடாது, பெயர் என்ன மாறினாலும் இதுவும் பெனிசிலின்தான்.

மிச்ச மாத்திரையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது இன்னொரு விஷயம். கிளாவுலனிக் அமிலத்துக்கு ஈரம் ஆகாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு வைத்தால் கூட்டாளி கெட்டுப்போய், மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் அமோக்சிசிலினாக இருக்கும். பிள்ளைகளுக்குத் தண்ணீர் கலக்கிய சிரப் என்றால் ஐஸ் பெட்டிக்குள் வைத்தாலும் 7 நாள்தான், அப்புறம் கொட்டிவிடுங்கள். சாப்பிட ஆரம்பிக்கும்போதே மாத்திரையைப் போட்டால் வயிறும் தாங்கும், மருந்தும் நன்றாக உள்ளே போகும்.

கேள்வி: சார், நான் ஆறாம் படிவ மாணவி. கிளாவுலனிக் அமிலம் போன்ற தடுப்பானைச் சேர்த்தால் என்சைமை முடக்கிவிடலாம் என்றால், கிருமி தடுப்பானையும் வெல்லக் கற்றுக்கொள்ளாதா?

பதில்: கற்றுக்கொண்டே வருகிறது கண்ணு. இதில் வேடிக்கை என்னவென்றால், 1940-லேயே ஏப்ரகாம், செயின் என்ற இரண்டு பேர் பெனிசிலினை அழிக்கும் என்சைமைக் கண்டு எழுதிவிட்டார்கள், ஆக்ஸ்ஃபோர்டில் பெனிசிலின் ஊசி போட்ட முதல் நோயாளியே 1941-ல்தான். மருந்து வருமுன்பே எதிரி தயார்! கிளாவுலனிக் அமிலத்தை 1970-களில் இங்கிலாந்தின் பீச்சம் கம்பெனி ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள், அதுவும் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து, ஸ்ட்ரெப்டோமைசஸ் கிளாவுலிஜெரஸ் என்று பெயர். அதை அமோக்சிசிலினோடு சேர்த்த ஆக்மென்டின் 1981-ல் கடைக்கு வந்தது. பிறகு சல்பாக்டம், டாசோபாக்டம் என்று வேறு தடுப்பான்கள். உங்கள் பாட்டிக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில் பைபராசிலின்-டாசோபாக்டம் ஊசி போட்டிருந்தால் அதுவும் இதே கூட்டணிதான், குடலில் உறிஞ்சப்படாது என்பதால் மாத்திரையாகக் கிடைக்காது.

கிருமிகளும் சும்மா இருக்கவில்லை. கிளாவுலனிக் அமிலத்துக்கு மசியாத ஆம்ப்-சி, கேபிசி போன்ற என்சைம்கள் பரவின. அவற்றுக்கு அவிபாக்டம் என்ற தடுப்பான் வந்தது, செஃப்டாசிடைம் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்து அமெரிக்காவில் 2015-ல் அனுமதி. சென்னை ஆர்கிட் நிறுவனத்தில் பிறந்த என்மெட்டாசோபாக்டம் என்ற தடுப்பானுக்கு 2024-ல் அமெரிக்காவிலேயே அனுமதி கிடைத்தது, நம்ம சென்னை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான்.

இதில் பெரிய தலைவலி என்டிஎம். அந்த என்சைம் துத்தநாகத்தை வைத்து வேலை செய்கிறது, மேலே சொன்ன எந்தத் தடுப்பானும் அதைப் பிடிக்காது. ஆனால் ஆஸ்ட்ரியோனம் என்ற பழைய மருந்தை மட்டும் என்டிஎம்மால் வெட்ட முடியவில்லை. அப்படியானால் அதையே கொடுக்கலாமே என்றால், என்டிஎம் உள்ள கிருமியிடம் பெரும்பாலும் வேறு என்சைம்களும் இருக்கும், அவை ஆஸ்ட்ரியோனத்தை வெட்டிவிடும். அந்த மற்றவற்றை அவிபாக்டம் முடக்க, ஆஸ்ட்ரியோனம் பிழைத்துக்கொள்ளும். இந்தக் கூட்டுக்கு ஐரோப்பாவில் 2024-லும் அமெரிக்காவில் 2025-லும் அனுமதி வந்தது. எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த யோசனை இதுதான், எதிரியால் தொட முடியாத மருந்தை எடுத்து, அவன் கூட்டாளிகளை மட்டும் கட்டிப்போடுவது. உயிரியல் படிக்கிற பிள்ளை, இந்தப் பக்கம் வேலை நிறைய இருக்கிறது.

கேள்வி: சளிக்கு 625 நல்லது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மருந்துக் கடையில் கேட்டால் தரமாட்டேன் என்கிறார். ஏன் இந்த பிடிவாதம்?
_தாமான் வாசகர்_

பதில்: அவர் சட்டப்படி நடக்கிறார். மலேசியாவின் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தில் ஆன்டிபயாட்டிக் பி பிரிவில் வருகிறது, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சாதாரணச் சளி வைரஸ், அதனிடம் வெட்டுவதற்கு என்சைமும் கிடையாது, அமோக்சிசிலின் தாக்குவதற்குப் பாக்டீரியாவுக்கு இருப்பது போன்ற சுவரும் கிடையாது, கிடைப்பது வயிற்றுப்போக்கு மட்டும்தான். மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் விடாமல் அடித்தாலோ அரசாங்கத்தின் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள், குடிமக்களுக்கு 1 வெள்ளி, மருந்தும் அதற்குள்ளேயே.