ஐயர் கேட்பது பெயரும் நட்சத்திரமும்

கேள்வி: அறிவியல் இவ்வளவு வளர்ந்த பிறகும் மனிதர்கள் கடவுள் நம்பிக்கையில், தங்களுக்கு மேலான ஒரு சக்தியில் ஏன் அர்த்தம் காண்கிறார்கள்?

நான் யாழ்ப்பாணத்தில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகப் பௌதிகவியல் படிப்பித்து வருகிறேன். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் வருடத்துக்கு ஒருமுறையாவது இதைக் கேட்பார்கள். பாடத்திட்டம் முடியவில்லை என்று சொல்லித் தப்பிவிடுவேன். உண்மையான பதிலைச் சொல்வதென்றால் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வகுப்பில் அது முடியாது.

வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் உங்களுக்கும் தெரிந்தவைதான். சாவுப் பயம், காப்பாற்ற ஒருவர் வேண்டும் என்ற ஆசை, ஊரோடு சேர்ந்து நிற்கும் சுகம், 'எனக்கு ஏன் இது நடந்தது' என்பதற்கு ஒரு விளக்கம். ஊரோடு சேர்ந்து நிற்பதை நான் மறுக்க மாட்டேன். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் திருவிழாக் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் மச்ச மாமிசம் சமைக்காத வீடுகள் இங்கே நிறைய. தேரன்று விடியப்புறம் வெளிவீதியில் நின்று பார்த்தவருக்கு அதைப் பற்றி மேலே சொல்லத் தேவையில்லை. ஆனால் மற்ற மூன்று காரணங்களும் எங்கள் வீட்டில் நடந்ததோடு பொருந்தவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்தில் இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரமும் அதைச் சுற்றிய ஊர்களுமான வலிகாமம் முழுவதும் எழும்பிக் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தைத் தாண்டப் பல மணித்தியாலம் எடுத்தது. அப்பா அதற்கு இரண்டு வருடம் முன்பே மாரடைப்பில் போய்விட்டார். அம்மா, அண்ணா, நான் மூன்று பேர். அம்மா தன் பையில் காணி உறுதிக் கட்டையும் எங்கள் இரண்டு பேரின் சாதகக் கொப்பிகளையும் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தார். சாமிப் படம் ஒன்றும் எடுக்கவில்லை. காலை மாலை விளக்கு வைக்காமல் தேத்தண்ணி குடிக்காத மனுசி. கைதடியில் ஒரு மரத்தடியில் இருந்தபோது ஏன் என்று கேட்டேன். "அவர் எங்கையும் இருப்பார். உங்கட குறிப்பு வேறை ஆரிட்டை இருக்கு?" என்றார்.

1996 சித்திரையில் வீடு திரும்பினோம். ஆடியில் ஒரு நாள் அண்ணா சைக்கிளில் வெளியே போனார். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. திரும்பி வரவில்லை. அதற்கு மேல் எங்களுக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது.

அம்மா முதலில் செய்தது முருகனோடு கோபம் போட்டதுதான். கோயிலுக்குப் போகவில்லை, சாமி அறையைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அன்ரி கேட்டதற்கு, "நான் அவரோட கதைக்கிறேல்லை" என்று சொன்னார். ஏதோ கொழுவுப்பட்ட சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வது மாதிரி. அது ஆறேழு மாதம் நீடித்தது. இல்லாத ஒருவரோடு கோபம் போட முடியுமா என்று நான் அப்போது மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். இருபத்து நான்கு வயது, எல்லாம் தெரிந்த வயது. எங்கள் மரபில் இது புதிதல்ல என்பது பிறகுதான் விளங்கியது. கண் போன சுந்தரர் திருவாரூரில் நின்று சிவனையே 'வாழ்ந்து போதீரே' என்று பாடியிருக்கிறார். நீர் நல்லாய் இரும் என்று கசப்போடு சொல்வது அது. அதையும் தேவாரத்தில் சேர்த்துத்தான் இவ்வளவு காலமும் ஓதி வருகிறோம்.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் யோகர் சுவாமியின் வாக்கைச் சொன்னார்கள். கொழும்புத்துறையில் ஒரு குடிலில் இருந்த யோகர் சுவாமி 1964இல் சமாதியானவர். 'எப்பவோ முடிந்த காரியம்', 'ஒரு பொல்லாப்புமில்லை' என்பவை யாழ்ப்பாணத்தில் பழமொழி போலவே ஆகிவிட்டன. அம்மாவுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. எப்பவோ முடிந்தது என்றால் தன் பிள்ளையும் முடிந்துவிட்டானா என்று வந்தவரோடு சண்டைக்கே போனார். அதே சுவாமி சொன்ன 'நாம் அறியோம்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டார். அது ஒன்றையும் விளக்குவதில்லை. இங்கே எல்லாரும் கும்பிடும் ஒரு சுவாமியே தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்ட பிறகு, விளக்கத்துக்காகத்தான் மனிதர் கடவுளிடம் போகிறார்கள் என்று நான் எப்படிச் சொல்வது?

அப்புறம் செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். அம்மா பரம்பரைச் சைவம். "துலைஞ்சதை எடுத்துத் தாறவராம்" என்றார், அவ்வளவுதான். மெழுகுதிரி கொளுத்திவிட்டு நெற்றியில் திருநீற்றோடு வாங்கில் இருப்பார். ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. அங்கே அதே காரணத்துக்காக வந்த வேறு சைவத் தாய்மாரும் இருந்தார்கள்.

சாத்திரிமாரிடமும் போனார். இதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வடமேற்குத் திசையில் இருக்கிறார், இன்ன மாதம் வருவார் என்று சொல்லிக் காசு வாங்கினார்கள். அந்த மாதங்கள் வந்து போயின. பிள்ளையைத் தேடும் தாயிடம் திகதி விற்பதை என்னால் மன்னிக்க முடியாது. நம்பிக்கையைப் பற்றி நல்லதாக எழுதும்போது இதை மறைத்தால் நான் பொய் சொன்னவனாவேன்.

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நல்லூருக்குப் போய் ஒரு ரூபாய்க்கு அருச்சனைச் சீட்டு எடுத்துவந்தார் அம்மா. நல்லூரில் சீட்டு அந்த விலைதான், ஏழைக்கும் பணக்காரனுக்கும். அன்றிலிருந்து மாதம் தவறாமல், அண்ணாவின் நட்சத்திரமான ரோகிணி வரும் நாளில், எங்கள் வளவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பிள்ளையார் கோயிலில் அவருடைய பெயருக்கு அருச்சனை.

இதை நான் நெடுநாள் ஒரு பழக்கமாகவே பார்த்தேன். ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் நிரப்பப் போன அன்றுதான் புரிந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் கெட்டவர் இல்லை. "இறப்புச் சான்றிதழ் எடுத்தால் வேலை சுகம் அம்மா" என்று பரிவாகத்தான் சொன்னார். அம்மா பதில் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டார். படிவங்களில் அண்ணா எப்போதும் 'இருந்தார்'. எங்களோடு கதைக்கும் சொந்தக்காரர்கள் வாயிலும் மெல்ல மெல்ல 'இருந்தார்' ஆகிவிட்டார். நானும் அப்படித்தான் கதைக்கத் தொடங்கியிருந்தேன். பிள்ளையார் கோயிலில் மட்டும் ஐயர், "பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்று கேட்பார். இருக்கிறவர்களுக்குத்தான் நட்சத்திரம் சொல்லி அருச்சனை. இறந்தவர்களுக்குத் திதி. அம்மா பெயரைச் சொல்வார், ரோகிணி என்பார், இடப ராசி என்பார். ஐயர் அதைத் திருப்பிச் சொல்வார். உலகத்தில் அந்தப் பெயரை ஓர் உயிருள்ளவனின் பெயராக வாய்விட்டுச் சொன்ன ஒரே இடம் அதுதான்.

உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். ஏன் நடந்தது என்று அம்மாவுக்குக் கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. மனிதர்கள் கேட்டு அலுத்துவிடுவார்கள், அதில் குற்றமில்லை, அவர்களுக்கும் வாழ்க்கை இருக்கிறது. இருபது வருடம் அதே பெயரை அலுக்காமல் கேட்க மனிதரைவிடப் பெரிய ஒரு காது வேண்டியிருந்தது.

பாதுகாப்புக்காக நம்புகிறார்கள் என்பதையும் நான் அவ்வளவு நம்புவதில்லை. 1995 யூலை 9 அன்று நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனங்கள் மேல் விமானத்திலிருந்து குண்டு விழுந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கோயில் காப்பாற்றும் என்பதுதான் நம்பிக்கையின் அடித்தளம் என்றால் அன்றோடு நவாலியில் அது முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு யூலையிலும் அங்கே திருப்பலி நடக்கிறது. பெயர்களைச் சொல்லி விளக்கேற்றுகிறார்கள். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சித் தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோதும் கந்தசுவாமி கோயில் முன்றலில்தான் போய் இருந்தார்கள்.

கோயில் என்றால் எல்லாருக்கும் திறந்த வாசல் என்று நான் எழுதுவதாக நினைக்க வேண்டாம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் சாதியைச் சொல்லி உள்ளே விடாமல் தடுத்தார்கள். சனங்கள் வாசலில் இருந்து போராடினார்கள். சமத்துவத்துக்கான போராட்டம் அது, பக்தி மட்டும் இல்லை, தெரியும். ஆனாலும் தடுக்கப்பட்டவர்கள் 'உங்கள் கடவுள் எங்களுக்கு வேண்டாம்' என்று திரும்பிப் போகவில்லையே என்பது என்னை யோசிக்க வைக்கிறது. தங்கள் பெயரும் அந்தச் சந்நிதியில் சொல்லப்பட வேண்டும் என்று நினைத்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

அம்மா 2019இல் போனார். எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று செத்தவீட்டுக் கிரியைகள் எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு சாமி அறையை ஒதுக்கினேன். அண்ணாவின் சாதகக் கொப்பி இருந்தது. ஒவ்வொரு அருச்சனைத் திருநீற்றையும் ஒரு கடதாசித் துண்டில் மடித்து ஒற்றைகளுக்கு இடையில் வைத்திருக்கிறார். சில கலண்டர் தாள், சில என் மாணவர்களின் பயிற்சிக் கொப்பி ஒற்றை. கொப்பி ஊதிப்போய் இருந்தது. சுவரில் கலண்டர். ரோகிணி வர நாலு நாள்.

ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போகிறேன். கரையில் இருக்கும் ஐயர் அப்பா, அப்பப்பா, அவருடைய அப்பா பெயர்களைக் கேட்பார், சொல்வேன். "வேறை ஆரும்?" என்பார். இல்லை என்பேன். வீட்டில் விரதச் சோறும் காத்தோட்டிக்காய்ப் பொரியலும். சித்திரைப் பறுவத்துக்கு, அதாவது பௌர்ணமிக்கு, அம்மாவின் பெயர். அந்த இரண்டு நாளிலும் அண்ணாவின் பெயர் வராது. அது ரோகிணிக்கு உரியது.

எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று மாணவர்கள் கேட்டால் இன்னும் நேராகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த நாளில் பாடசாலை விட்டதும் சேட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலில் நிற்கிறேன்.

போன வருடம் புது ஐயர் ஒருவர் வந்திருக்கிறார். இளம் பெடியன். எங்கள் ஊரில் பாதி அருச்சனை கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான். பெயரையும் ரோகிணியையும் சொன்னதும், "வெளிநாட்டிலையோ?" என்று கேட்டார்.

"தெரியேல்லை ஐயா" என்றேன்.

ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, இடப ராசி, ரோகிணி நட்சத்திரம் என்று தொடங்கி அண்ணாவின் பெயரைத் தெளிவாகச் சொன்னார். திருநீற்றை மடித்துக்கொண்டு வந்து கொப்பிக்குள் வைத்தேன். கட்டியிருந்த நூல் இப்போது எட்டுவதில்லை. வேறு நூல் எடுத்துக் கட்டினேன்.