தென்னாப்பிரிக்காவில் சுயேச்சைகள் 2024 வரை ஏன் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட முடியவில்லை?

கட்சி இல்லாமல் சொந்தப் பெயரில் நிற்பவர்தான் சுயேச்சை. இங்கே 1994 முதல் நாம் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டோம்; சபைக்குப் போவது யார் என்பதைக் கட்சிப் பட்டியல் தீர்மானித்தது. தனி ஆளுக்குப் பட்டியல் ஏது? இது செல்லாது என்று 2020-இல் அரசமைப்பு நீதிமன்றம் சொன்னது. 2024-இல் டர்பனில் நம் கையில் மூன்று வாக்குச்சீட்டுகள். இரண்டில் சுயேச்சைக்கும் இடம் உண்டு.

கட்சி என்பது தேர், வடம் பிடிக்க நூறு கை. சுயேச்சை தூக்குவது காவடி. தைப்பூசத்தில் பார்த்திருப்பீர்களே, பாரம் முழுக்கத் தன் தோளில்தான். 400 பேர் சபைக்கு அந்த முறை ஒரு சுயேச்சைகூட ஜெயிக்கவில்லை, சரி.

ஆனால் 2024-க்கு முன் இந்நாட்டில் சுயேச்சையே கிடையாது என்பது தவறு. நகராட்சி வார்டுகளில் அவர்கள் முன்பே நின்று ஜெயித்திருக்கிறார்கள்.