பூனை வாங்கும் முன்பும் பூனைக்கு வாங்கும் முன்பும்

இந்த வாரம் வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொண்டேன். நான்கும் பூனைகளைப் பற்றியவை. பணம் போனதைப் பற்றிய கேள்விகள்தாம். ஆனால் ஒவ்வொன்றிலும் ஓர் உயிர் சம்பந்தப்பட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு ஒரு செல்லப்பிராணிக் கடையில் 900 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்துப் பூனைக்குட்டி வாங்கினோம். "முதல் ஊசி போட்டாச்சு" என்றார்கள். மூன்றாம் நாள் தீனியைத் தொடவில்லை. வாந்தியும் பேதியுமாகி, ஐந்தாம் நாள் இறந்துவிட்டது. கிளினிக்கில் 'பார்வோ' என்றார்கள். அதற்கு 420 வெள்ளி ஆனது. கடைக்காரரிடம் போனால், "நாங்கள் நல்ல குட்டியைத்தான் கொடுத்தோம், உங்கள் வீட்டில் தொற்றியிருக்கும்" என்கிறார். ரசீதில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருப்பதையும் காட்டுகிறார். எங்கள் வீட்டில் இதற்கு முன் பூனையே கிடையாது. பணத்தைக் கேட்க வழி உண்டா? மகள் இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள்.
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வழி உண்டு அம்மா. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 'பொருள்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் விலங்குகளும் அடங்கும். மீனைக்கூட அதில் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு அந்தக் குட்டி ஒரு பொருள் அல்ல, தெரியும். ஆனால் சட்டம் அப்படிச் சொல்வது இந்த இடத்தில் உங்களுக்குத் துணை. வியாபாரமாக விற்பவர் கொடுக்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம் தரும் உத்தரவாதம். ரசீதின் கீழே ஒரு வரி அச்சடித்து அந்த உத்தரவாதத்தை யாரும் நீக்கிவிட முடியாது. அந்த வரியைப் பார்த்து எத்தனையோ பேர் பேசாமல் திரும்பிப் போய்விடுகிறார்கள். நீங்கள் போக வேண்டாம்.

"உங்கள் வீட்டில் தொற்றியிருக்கும்" என்ற வாதத்துக்கு வருவோம். பூனைப் பார்வோ கிருமி உடலுக்குள் போன அன்றே நோயைக் காட்டாது. பெரும்பாலும் இரண்டு நாளிலிருந்து பத்து நாள் வரை எடுத்துக்கொள்ளும். உங்கள் குட்டி மூன்றாம் நாளே படுத்துவிட்டது. இதுவரை பூனையே இருந்திராத வீட்டில் அந்தக் கிருமி காத்துக்கொண்டிருந்தது என்று சொல்வதைவிட, கடையிலேயே தொற்றியது என்பதற்குத்தான் வாய்ப்பு மிக அதிகம். இதை உங்கள் வாயால் சொல்லாதீர்கள். குட்டியைப் பார்த்த கால்நடை மருத்துவரிடம், வந்த தேதி, அறிகுறிகள், பரிசோதனை முடிவு, தொற்றியிருக்கக்கூடிய காலம் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள்.

ஊசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். தடுப்பூசி போடும் மருத்துவர், மருந்துக் குப்பியில் இருக்கும் சிறு ஒட்டுத்தாளைப் பிரித்து அட்டையில் ஒட்டி, முத்திரையும் கையெழுத்தும் இடுவது வழக்கம். அந்த ஒட்டுத்தாளில் மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் இருக்கும். வெறும் பேனாவால் தேதி மட்டும் எழுதியிருந்தால் அந்த அட்டையே உங்களுக்கு ஒரு சாட்சி.

இவற்றின் நகல்களை ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், கிளினிக் பில் ஆகியவற்றோடு சேர்த்துக் கடைக்கு ஒரு கடிதம் கொடுங்கள். குட்டியின் விலையையும் கிளினிக் செலவையும் கேளுங்கள். பதில் தர 14 நாள் கொடுங்கள். பதில் வராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் வழக்கைப் பதிய வேண்டும். ஒரு விஷயம்: இது கடைக்கும், தொழிலாகக் குட்டி விற்பவருக்கும்தான் பொருந்தும். வீட்டில் பூனை போட்ட குட்டிகளில் ஒன்றை அக்கம்பக்கத்தில் விற்றவர் மீது இந்த மன்றத்தில் வழக்குப் போட முடியாது.

மகளுக்கு உடனே இன்னொரு குட்டி வாங்கிக் கொடுக்க மனம் துடிக்கும். தயவுசெய்து பொறுங்கள். இந்தக் கிருமி தரையிலும் துணியிலும் ஓராண்டுகூட உயிரோடு இருக்கும். வழக்கமான தரை கழுவும் திரவத்துக்கு அசையாது. துணி வெளுக்கும் குளோரின் நீர் ஒரு பங்கு, தண்ணீர் முப்பது பங்கு எனக் கலந்து, முதலில் சோப்பு போட்டுக் கழுவிய தரையில் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். குட்டி படுத்த மெத்தை, மணல் தட்டு, கிண்ணம் எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள். பிறகு வரும் பூனை, தடுப்பூசிகளை முழுமையாகப் போட்டு முடித்ததாக இருக்கட்டும். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை ஊசி தொடர வேண்டும். ஆகவே "முதல் ஊசி போட்டாச்சு" என்பது பாதுகாப்பு அல்ல, தொடக்கம்தான். வளர்ந்த பூனை ஆட்சேபம் இல்லை என்றால் பினாங்கு ஜெலுத்தோங்கில் உள்ள எஸ்.பி.சி.ஏ. (விலங்கு வதைத் தடுப்புச் சங்கம்) காப்பகத்துக்கு மகளை ஒருமுறை அழைத்துப் போங்கள்.

கேள்வி: என்னிடம் இரண்டு கடுவன் பூனைகள். கடையில் பெரிய மூட்டையைப் பிரித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருக்கும் 'ரீபேக்' தீனிதான் வாங்குகிறேன். கிலோ 8 வெள்ளி. அதே தீனி, சீல் பிரிக்காத பையில் கிலோ 12 வெள்ளி. உள்ளே இருப்பது ஒன்றுதானே, கூடுதல் காசு எதற்கு? இன்னொன்று, பெரியவன் நேற்றிலிருந்து மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறான். மலச்சிக்கலுக்கு வீட்டிலேயே என்ன கொடுக்கலாம்?
- வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: தம்பி, உங்கள் கடைசி வரியைப் படித்ததும் தொலைபேசியில் அழைத்துச் சொன்னதை, மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். கடுவன் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்கினால், அது மலச்சிக்கல் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சிறுநீர் அடைத்திருக்கலாம். கடுவனின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகியது. மணல் போன்ற படிகங்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்தும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். மணலில் ஈரக் கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அல்லது ஓரிரு துளிதான் என்றால், நள்ளிரவானாலும் கிளினிக்கைத் தேடிப் போங்கள். வயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக் கடுவனுக்கு நாங்கள் விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டுக் காலை வரை காத்திருந்தோம். காலையில் அது இல்லை. அதனால்தான் உங்களை அவ்வளவு அவசரப்படுத்தினேன். உங்கள் பெரியவனுக்கும் அடைப்புதான் என்று கிளினிக்கில் தெரிந்தது.

இனி ரீபேக். உள்ளே இருப்பது ஒன்றுதான் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? கடைக்காரர் சொன்னார், அவ்வளவுதான். மூட்டையைப் பிரித்தவுடன் காலாவதித் தேதி, தொகுதி எண், உட்பொருள் பட்டியல் மூன்றும் மூட்டையோடு போய்விடுகின்றன. உற்பத்தியாளர் ஒரு தொகுதியில் குறை கண்டு திரும்பப் பெற்றால், உங்கள் பையில் இருப்பது அதுதானா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. தீனியின் மேல் பூசியிருக்கும் கொழுப்பு, காற்றும் வெப்பமும் பட்டால் கெட்டு வாடை அடிக்கும், வைட்டமின்கள் குறையும். பினாங்கின் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கவும் நாளாகாது.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த பூனை ஒன்று நாளைக்கு ஏறத்தாழ 55 கிராம் உலர் தீனி தின்னும். இரண்டுக்கும் மாதம் 3.3 கிலோ. கிலோவுக்கு 4 வெள்ளி வித்தியாசம் என்றால் மாதம் 13 வெள்ளி சொச்சம். அடைப்பு எடுக்கும் சிகிச்சைக்கு இப்போது நீங்கள் கட்டிய தொகையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். ரீபேக்தான் அடைப்புக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் குறைவு, உடல் பருமன், மன அழுத்தம் எல்லாம் சேரும். ஆனால் எந்தத் தீனியைத் தின்றது என்று மருத்துவர் கேட்டபோது உங்களிடம் காட்ட ஒரு லேபிள்கூட இல்லை.

வாங்கும்போது பையின் பின்புறத்தைத் திருப்பிப் படியுங்கள். 'முழுமையான, சமச்சீர் உணவு' என்ற பொருளில் எழுதியிருக்க வேண்டும். 'துணை உணவு', 'ஸ்நாக்' என்றிருந்தால் அதை அன்றாட உணவாக வைக்கக் கூடாது. குழம்பு போல் இருக்கும் குட்டிப் பாக்கெட்டுகள் பலவும் இந்த இரண்டாம் வகைதான். பூனை தானாகத் தண்ணீர் குடிப்பது குறைவு. நான்கு கிலோ பூனைக்கு உணவில் கிடைப்பதையும் சேர்த்து நாளைக்கு 200 மில்லி அளவாவது வேண்டும். உலர் தீனியில் ஈரம் பத்தில் ஒரு பங்குதான். டின் உணவில் முக்கால் பங்குக்கு மேல். ஆகவே ஒரு வேளையாவது டின் உணவு கொடுங்கள். சீல் பிரிக்காத பைகளிலேயே ஒரு மாதத்தில் தீரக்கூடிய அளவை வாங்கி, டப்பாவில் கொட்டாமல் பையோடு டப்பாவுக்குள் வையுங்கள்.

கேள்வி: தெள்ளுப்பூச்சித் தொல்லை தாங்கவில்லை. நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்து பாதி மிச்சம் இருக்கிறது. அளவைக் குறைத்துப் பூனைக்கு விடலாமா?
- வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: கூடவே கூடாது. நாய்க்கான சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனையின் கல்லீரலால் அதைச் சிதைக்க முடியாது. உடல் நடுங்கி, வலிப்பு வந்து இறந்துவிடும். ஏற்கெனவே விட்டிருந்தால் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவிவிட்டு உடனே கிளினிக்குக்கு ஓடுங்கள். பூனைக்கென்று, அதன் எடைக்கேற்ப விற்கும் மருந்தையே வாங்குங்கள். பெனடோலும் இதே வகையில் ஆபத்து. காய்ச்சல் என்று கால் மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள். பூனைமேல் நீங்கள் பார்க்கும் தெள்ளு வீட்டில் இருப்பதில் சிறு பங்குதான். முட்டையும் புழுவும் விரிப்பிலும் மெத்தை இடுக்கிலும் கிடக்கும். அவற்றைச் சுடுநீரில் துவைக்காமல் மருந்து மட்டும் விட்டால் அந்தக் காசு வீண்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவக் குடும்பம். மூன்று மாதமாக ஒரு பூனை எங்கள் வாசலிலேயே தங்கிவிட்டது. மாமியார் தயிர்ச்சாதமும் பாலும் வைக்கிறார், அதுவும் தின்கிறது. ஆனால் மெலிந்துகொண்டே வருகிறது. சைவமாகவே வளர்க்க ஏதாவது தீனி விற்கிறார்களா?
- வாசகி, ஜெலுத்தோங்

பதில்: வந்த உயிரைத் துரத்தாமல் சோறு வைத்த உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆனாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: தயிர்ச்சாதம் அதன் பசியை ஆற்றும், உடலைக் காக்காது. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் தேவையான அளவு தானே உண்டாக்கிக்கொள்ளாது. இறைச்சியிலும் மீனிலும்தான் அது இயல்பாகக் கிடைக்கிறது. அது குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்துவிடும். 1987-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த பிறகுதான் கடைத் தீனிகளில் அதைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். வைட்டமின் ஏ-யும் அப்படித்தான். நாம் கேரட்டிலிருந்து எடுத்துக்கொள்வோம், பூனையால் முடியாது. பாலை நிறுத்திவிடுங்கள், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது பேதியைத்தான் தரும். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த எதையும் வைக்காதீர்கள், இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

செயற்கை டாரின் சேர்த்த சைவத் தீனி இணையத்தில் கிடைக்கிறது. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் அதை நம்பி ஒரு பூனையை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. மெலிவுக்குக் குடற்புழுவும் காரணமாக இருக்கலாம் என்பதால் முதலில் ஒரு தடவை கிளினிக்கில் காட்டுங்கள்.

வீட்டு ஆசாரம் கெடாமல் செய்யவும் வழி இருக்கிறது. சமையலறைக்குள் எதுவும் வர வேண்டாம். உலர் தீனிப் பையை வாசல் ஓரத்தில் மூடிய டப்பாவில் வையுங்கள். அதற்கென்று ஒரு கிண்ணமும் ஒரு கரண்டியும் போதும். அவற்றை வெளிக் குழாயிலேயே கழுவலாம். உலர் தீனி கையில் ஒட்டாது, மீன் வாடையும் குறைவு. உங்களைப் போன்ற ஒரு வீட்டில் புரட்டாசி முழுவதும் பக்கத்து வீட்டு அக்கா வந்து தீனி வைத்துவிட்டுப் போவாராம். அப்படி ஒருவர் உங்களுக்கும் கிடைத்தால் மாமியாரின் மனச் சங்கடமும் தீரும். தண்ணீர்க் கிண்ணத்தை அவரே தினமும் நிரப்பட்டும்.