32-இல் 31: சிக்கிம் சட்டமன்றத் தேர்தல் – கேள்வி பதில்

சேலம் வாசகர்: 2024 சிக்கிம் தேர்தலில் ஒரே கட்சிக்கு 32-இல் 31 தொகுதி. அப்படியென்றால் மாநிலமே ஒரே மனநிலையில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. முதல்வர் பிரேம் சிங் தமாங்கின் சிக்கிம் கிராந்திகாரி மோர்ச்சா (எஸ்கேஎம்) வாங்கியது சுமார் 58 சதவீதம். முன்னாள் முதல்வர் பவன் சாம்லிங்கின் சிக்கிம் ஜனநாயக முன்னணி (எஸ்டிஎஃப்) சுமார் 27. நூற்றில் 27 பேர் போட்ட வாக்குக்குக் கிடைத்தது ஷியாரி என்ற ஒரே தொகுதி. விகிதாசார முறையாக இருந்திருந்தால் எட்டோ ஒன்பதோ வந்திருக்கும்.

எதிர்க்கட்சி வாக்கு மாநிலம் முழுக்கச் சீராகப் பரவிக் கிடந்ததுதான் காரணம். மொத்த வாக்காளர்கள் சுமார் 4.6 லட்சம், தொகுதிக்குச் சராசரியாக 14,500 பேர். இவ்வளவு சின்னத் தொகுதிகளில், தனிக்கோட்டை என்று ஒரு வட்டாரமும் இல்லாவிட்டால், காற்று ஒரு பக்கம் அடிக்கும்போது எல்லாமே அந்தப் பக்கம் சாயும். தலைவர்களும் தப்பவில்லை. சாம்லிங் நின்ற இரண்டு இடங்களிலும் தோற்றார்.

2019-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரு கட்சிகளும் 47 சதவீதத்தைத் தாண்டின. ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் எஸ்டிஎஃப்தான் வாக்கில் முன்னே. ஆனால் தொகுதிகள் எஸ்கேஎம்முக்கு 17, எஸ்டிஎஃப்புக்கு 15. ஆட்சியே மாறியது. தொகுதி எண்ணிக்கையை வைத்து மக்கள் மனதை அளக்காதீர்கள். தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் படிவம் 20 இருக்கும். அதில் வாக்குச்சாவடி வாரியாக எண்ணிக்கை இருக்கிறது. முதலில் அதைத் திறங்கள்.

தஞ்சை வாசகர்: இயந்திரத்தில் ஏதோ செய்யாமல் இப்படி வருமா சார்?

வரும். 1989-இல் நர் பகதூர் பண்டாரியின் சிக்கிம் சங்ராம் பரிஷத் 32-க்கு 32 வென்றது. 1974-இல் காஜி லெண்டுப் தோர்ஜியின் சிக்கிம் காங்கிரஸ் 31. இரண்டும் வாக்குச்சீட்டுக் காலம்.

கல்லூரி ஆசிரியை, திருச்சி: பிக்குகளுக்கென்று தனித்தொகுதி இருப்பதாகப் படித்தேன். வரைபடத்தில் எங்கே தேடுவது?

தேடாதீர்கள், அதற்கு எல்லைக்கோடே கிடையாது. சங்கா தொகுதி என்பது வாக்காளர் பட்டியலால் ஆன தொகுதி. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 7(1ஏ) 32 இடங்களைப் பிரிக்கிறது: 12 பூட்டியா-லெப்சா பழங்குடிச் சமூகங்களுக்கு, 2 பட்டியல் சாதி, 1 சங்கா. மீதி 17 பொது. பிரிவு 25ஏ-வின்படி, 1974 ஏப்ரல் தேர்தலுக்காக அங்கீகரிக்கப்பட்ட மடாலயங்களைச் சேர்ந்தவர்கள் மட்டுமே சங்கா பட்டியலில் பதிவுபெற முடியும்.

வாக்குச்சாவடியில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. மக்களவை வாக்கில் பிக்குவும் பக்கத்து வீட்டு ஏலக்காய் விவசாயியும் ஒரே வேட்பாளர் வரிசையில்தான் பொத்தானை அழுத்துகிறார்கள். சட்டமன்ற வாக்கில் பிரிகிறார்கள். பிக்குவுக்குச் சங்கா வேட்பாளர்கள் உள்ள இயந்திரம், விவசாயிக்கு அவருடைய தொகுதி இயந்திரம். சங்கா பட்டியலில் பெயர் இருப்பவர் பொதுத் தொகுதிப் பட்டியலில் இருக்கக் கூடாது. அங்கே தவறு நேர்ந்தால் ஒருவருக்கு இரட்டைப் பதிவாகிவிடும். அதனால் பட்டியல் திருத்தத்தின்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மதத்தின் பேரில் தொகுதியா என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆர்.சி. பௌத்யால் வழக்கில் 1993 பிப்ரவரியில் பெரும்பான்மைத் தீர்ப்பு, நீதிபதி வெங்கடாசலய்யா எழுதியது, சங்கா தொகுதி செல்லும் என்றது. தலைமை நீதிபதி எல்.எம். சர்மா உடன்படவில்லை. இரண்டையும் படிக்க வேண்டும். 2004-இல் எஸ்டிஎஃப் 31 பிடித்தபோது தப்பிய ஒரே இடம் இந்தச் சங்கா தொகுதிதான். காங்கிரஸ் வென்றது.

கேங்டாக்கில் வேலை பார்ப்பவர்: மூன்று வருடமாக இங்கே இருக்கிறேன். எனக்கு வாக்கு உண்டா?

வழக்கமாக வசிக்கும் இடத்தில் பதிவு செய்யலாம். ஏற்கெனவே வேறு ஊரில் பெயர் இருந்தால் படிவம் 8, முதல் பதிவு என்றால் படிவம் 6. பழைய ஊரில் பெயர் நீங்கிவிட்டதா என்று சரிபாருங்கள்.

சட்ட மாணவி: 2019 தேர்தலில் பாஜக ஒரு இடம்கூட வெல்லவில்லை. ஆனால் ஆகஸ்டில் எஸ்டிஎஃப் எம்எல்ஏக்கள் பத்துப் பேர் அங்கே போனதும் அதுதான் பிரதான எதிர்க்கட்சி. கட்சித்தாவல் தடைச் சட்டம் என்ன ஆனது?

கணக்கில்தான் விஷயம் இருக்கிறது. எஸ்டிஎஃப் வென்றது 15 தொகுதி. இருவர் தலா இரண்டு தொகுதியில் வென்றதால் ஆட்கள் 13. கட்சித்தாவல் தடைச் சட்டம் என்பது அரசமைப்பின் பத்தாவது அட்டவணை. அதன் 4-ஆம் பத்தி, மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து வேறு கட்சியோடு இணைந்தால் பதவி போகாது என்கிறது. 13-இல் மூன்றில் இரண்டு 8.67, அதாவது 9 பேர் வேண்டும். போனவர்கள் 10. மீதி மூன்று பேர். அதில் இருவர் எஸ்கேஎம்முக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு, அச்சு அசலாக. எஸ்டிஎஃப்பில் சாம்லிங் மட்டும் மிஞ்சினார். இதில் எவராவது ஒருவர் தனியாக முன்னால் போயிருந்தால் பதவி பறிபோயிருக்கும். முன்பு மூன்றில் ஒரு பங்கு பிரிந்தாலே போதும் என்றிருந்தது. 2003-இல் 91-ஆம் திருத்தம் அதை நீக்கியது.

சட்ட மாணவி: ஆனால் பத்தி 4(1) மூலக் கட்சியே இணைய வேண்டும் என்கிறதே? எஸ்டிஎஃப் கட்சி எங்கும் இணையவில்லை. எம்எல்ஏக்கள் மட்டும் ஒப்புக்கொண்டால் எப்படி இணைப்பு ஆகும்?

உங்கள் வாசிப்புதான் எனக்கும் சரியாகப் படுகிறது. இல்லையென்றால் 4(1) வெறும் அலங்காரம். ஆனால் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு 2022-இல், அங்கே கட்சி மாறிய காங்கிரஸ் எம்எல்ஏக்கள் விஷயத்தில், மூன்றில் இரண்டு பங்கு எம்எல்ஏக்கள் ஒப்புக்கொண்டாலே போதும் என்ற வாசிப்பை ஏற்றது. இன்று களத்தில் ஓடுவது அதுதான்.

மதுரை ஆசிரியர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஒரே ஒரு எம்எல்ஏ இருந்தால்? 2024 ஜூலையில் ஷியாரி உறுப்பினரும் எஸ்கேஎம்முக்குப் போனாரே.

அந்த வாசிப்பின்படி அவர் ஒருவரே சட்டமன்றக் கட்சி முழுவதும். நூற்றுக்கு நூறு.

சட்ட மாணவி: அப்படியானால் அந்த வாக்காளர்களுக்கு வழியே இல்லையா? சபாநாயகரிடம் மனு கொடுக்க எதிர்க்கட்சியில் ஒருவருமில்லை.

வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. எம்எல்ஏ அல்லாதவரும் தகுதிநீக்க மனு தரலாம் என்று 2013-இல் ஒடிசா சபாநாயகர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனுவைச் சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2020-இல் மணிப்பூர் வழக்கில் சொன்னது. ஒருதலைப்பட்சமான சபையில் இந்த இரண்டு தீர்ப்புகளும்தான் கைப்பிடி. மனுவில் ‘கட்சி மாறினார்’ என்று மட்டும் எழுதினால் நிற்காது. எந்தத் தேதியில், எந்தச் செயலால், எந்தக் கட்சியின் உறுப்புரிமையைத் தானாக விட்டார் என்பதைச் சான்றோடு எழுத வேண்டும். 4-ஆம் பத்திக் காப்பு ஏன் பொருந்தாது என்பதையும் சேர்க்க வேண்டும்.

ஈரோடு வாசகர்: இயந்திரக் கோளாறு…

மேலே தஞ்சை வாசகருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். படிவம் 20-ஐயும்.

கட்சித் தொண்டர்: 2024 இறுதியில் சிக்கிமில் இரண்டு இடைத்தேர்தல்களும் போட்டியின்றி முடிந்தன. வேட்பாளர் கடைசி நேரத்தில் விலகினால் கட்சி என்ன செய்ய முடியும்?

விலகிய பிறகு ஒன்றும் முடியாது. முன்கூட்டியே செய்ய வேண்டும். விலகல் அறிவிப்பு படிவம் 5. கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் வேட்பாளரே நேரில் தரலாம், அல்லது அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த முன்மொழிபவரோ முகவரோ தரலாம். கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது.

காப்பு மாற்று வேட்பாளரிடம் இருக்கிறது. பலர் தவறுவதும் அங்கேதான். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும் என்பதால் மாற்று வேட்பாளருக்கும் ஒரே கையெழுத்தோடு மனு போடுகிறார்கள். பரிசீலனையில் முதன்மை வேட்பாளர் மனு ஏற்கப்பட்டதும் மாற்று மனு தள்ளுபடி. இரண்டு நாள் கழித்து முதன்மையானவர் விலகினால் களத்தில் யாருமே இல்லை. மாற்று வேட்பாளர் மனுவில் பத்து முன்மொழிபவர்கள் கையெழுத்திடட்டும். பரிசீலனையைத் தாண்டி நிற்பார், கட்சி தன் வேட்பாளரை அறிவிக்கும் படிவம் ‘பி’-யில் அவர் பெயர் மாற்றாக இருந்தால் சின்னமும் வரும். பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். பட்டியலின் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் சரியா என்று மனு கொடுப்பதற்கு முந்தின நாளே பாருங்கள். வைப்புத்தொகை ரூ. 10,000, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ரூ. 5,000.

நாமக்கல் வாசகர்: போட்டியின்றி என்றால் நோட்டாவுக்காவது வாக்குப்பதிவு நடத்தலாமே?

ஒரே வேட்பாளர் என்றால் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 53(2)-இன்படி வாக்குப்பதிவே கிடையாது.

சேலம் வாசகர்: மீண்டும் நான். இந்த 31 எவ்வளவு காலம் நிற்கும்?

வருடம் சொல்ல மாட்டேன், பழைய கணக்கைத் தருகிறேன். 1974-இல் 31 வென்ற காஜி 1979-இல் தானே தோற்றார், அவர் கட்சிக்கு ஒரு இடமும் இல்லை. 1989-இல் 32 வென்ற பண்டாரியின் கட்சி 1994-இல் 10. 2009-இல் 32 வென்ற சாம்லிங்கின் கட்சி 22, 15, பிறகு 1. மூன்று முறையும் முதல் விரிசல் ஆளுங்கட்சிக்குள்ளிருந்துதான் வந்தது. தமாங்கே 2013 வரை எஸ்டிஎஃப்காரர்.