304-இல் நாங்கள் மோசமில்லை, ஹோல்டெமில் மட்டும் ஏன் சில்லு கரைகிறது?

கேள்வி: மட்டக்களப்பு, கல்லடிப் பக்கம். போயா லீவுகளில் கூட்டாளிமார் கூடினால் 304 என்ற சீட்டாட்டம் ஆடுவோம். இப்போது ஆறு பேராக நோ-லிமிட் ஹோல்டெம் (வைக்கும் தொகைக்கு உச்சவரம்பில்லாத போக்கர்) பழகுகிறோம். எந்தக் கை எதை வெல்லும் என்பதெல்லாம் தெரியும். ஆனாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் சில்லு எங்கே போனதென்றே தெரிவதில்லை. அடிப்படை உத்தி என்ன?

பதில்:

தம்பி, 304-இல் கிடைத்த எட்டுச் சீட்டையும் ஆடித்தான் தீர வேண்டும். கை எவ்வளவு கேவலமாக இருந்தாலும் எதிரே ஒரு கூட்டாளி இருக்கிறார், அவர் பிடி எடுத்துக் காப்பாற்றலாம். ஹோல்டெமில் கூட்டாளியும் இல்லை, ஆட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆறு பேர் மேசையில் பத்துக் கைக்கு ஏழெட்டை முதல் பார்வையிலேயே மடக்கிவிட, அதாவது சீட்டைக் கீழே போட்டு விலகிவிட, வேண்டும். இது முதல் விசயம். இரண்டாவது இதைவிடப் பெரியது: எவ்வளவு வைப்பதென்று ஒவ்வொரு சுற்றிலும் நீங்களே தீர்மானிக்கிறீர்கள். சில்லு கரைவது கெட்ட சீட்டால் அல்ல, பெரும்பாலும் அந்தத் தொகை பிழைப்பதால்தான்.

கணக்குச் சொல்ல வசதியாக பிளைண்ட் (சீட்டுப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) 1/2 என்றும், ஆளுக்கு 200 சில்லு என்றும் வைப்போம். அதாவது ஆளுக்கு 100 பெரிய பிளைண்ட். 1 பெறுமதியில் 20, 5 பெறுமதியில் 16, 25 பெறுமதியில் 4 என்று பிரித்தால் சரியாக 200 வரும். சில்லு இல்லையென்றால் நிறம் பூசிய சோடா மூடி போதும். புளியங்கொட்டை வேண்டாம். அதை அடுக்க முடியாது, எதிராளியிடம் எவ்வளவு மிச்சம் என்று ஒரே பார்வையில் தெரியாது. அது தெரியாமல் இந்த ஆட்டத்தை ஆடவே முடியாது.

எந்தக் கையோடு இறங்குவது என்பது எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃப்ளொப்புக்குப் பிறகு, அதாவது மேசையில் முதல் மூன்று பொதுச் சீட்டு விழுந்த பிறகு, பட்டன்காரர்தான் (சீட்டுப் போடும் இடத்தில் இருப்பவர்) எப்போதும் கடைசியாகப் பேசுவார். மற்ற எல்லாரும் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம், அந்த ஒரு வசதிக்காகவே அங்கே பலவீனமான கையும் ஆடத் தகும். பெரிய பிளைண்டுக்கு அடுத்து, முதலாவதாகப் பேசுகிற ஆளுக்கு அந்த வசதி இல்லை. அவர் 6 முதல் மேலுள்ள சோடிகள், ஏஸ்-ஜாக்கும் அதற்கு மேலும், கிங்-குயின், ஒரே இனத்தில் ஏஸ்-10, கிங்-ஜாக், குயின்-ஜாக், ஜாக்-10 என்பதோடு நிற்க வேண்டும். இரண்டு சீட்டுக்கு மொத்தம் 1326 சேர்க்கை உண்டு. இந்தப் பட்டியலில் வருவது 134, பத்தில் ஒன்று. கொஞ்சம் இறுக்கமான பட்டியல்தான், பழகுகிறவருக்கு அதுவே நல்லது. பட்டனில் எல்லாரும் மடக்கி உங்களிடம் வந்தால் எந்தச் சோடியும், எந்த ஏஸும், ஒரே இனத்துக் கிங் எதுவும், 5-4 வரை ஒரே இனத்து அடுத்தடுத்த சீட்டும், இனம் வேறானாலும் கிங்-9, குயின்-9, ஜாக்-9 வரையும் ஆடலாம். அது மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே வரும்.

304 ஆட்காரருக்கு ஜாக்கையும் 9-ஐயும் ஒன்றாகக் கண்டால் கை பரபரக்கும், 30 புள்ளியும் 20 புள்ளியும் அல்லவா! இங்கே அது நடுத்தரக் கை. முன் இருக்கையில் அதை மடக்குங்கள். துரும்பும் கிடையாது. கையில் ஒரே இனமாக இரண்டு சீட்டு வந்தால் பெறுமதி கொஞ்சம் கூடுமே தவிர, அதற்காக எதையும் ஆடலாம் என்றில்லை. ஒரே இனத்துச் சீட்டு இரண்டை வைத்துக்கொண்டு ஃப்ளொப்பிலேயே ஃப்ளஷ் (ஒரே இனத்துச் சீட்டு ஐந்து) முடிவது 100-க்கு 1 தடவைக்கும் குறைவு.

வீட்டு ஆட்டங்களில் அதிகம் அடிவாங்குகிற கை சின்னத் துணையோடு வருகிற ஏஸ். ஏஸ்-6 வைத்திருக்கிறீர்கள், ஃப்ளொப்பில் ஏஸ் விழுகிறது, சந்தோசமாகக் காசை இறக்குகிறீர்கள். எதிரே கடைசி வரை வருகிறவரிடம் ஏஸ்-கிங் இருக்கும். ஏஸ்-6 ஏஸ்-கிங்கை வெல்வது நாலில் ஒரு தடவைக்குக் கிட்டத்தான். அந்த ஏஸால் சின்னப் பொட்டுகளை (நடுவில் சேரும் சில்லு) வெல்வீர்கள், பெரிய பொட்டுகளை இழப்பீர்கள்.

இறங்குவதென்றால் ரெய்ஸ் பண்ணி, அதாவது தொகையைக் கூட்டி, இறங்குங்கள். சும்மா 2 வைத்துப் பார்ப்பது கெட்ட பழக்கம். 5 அல்லது 6-க்கு ரெய்ஸ் பண்ணுங்கள், உங்களுக்கு முன் யாரும் வெறுமனே 2 வைத்திருந்தால் ஆளுக்கு 2 கூட்டுங்கள். காரணம் இலகுவானது. சோடி ஏஸ் ஒரு ஆளுக்கு எதிரே 85 வீதம் வெல்லும். ஐந்து பேரும் கோல் பண்ணி (அதே தொகையை வைத்து) கடைசி வரை வந்தால் அதே கை 49 வீதம்தான். "ஏஸ் சோடி எனக்கு ராசியில்லை" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் அதை மலிவாக ஐந்து பேருக்குத் திறந்து கொடுத்தவர்கள். வேறொருவர் ஏற்கனவே ரெய்ஸ் பண்ணியிருக்க உங்களுக்கு நல்ல கை வந்தால், நீங்கள் அவருக்குப் பிறகு பேசுகிறவரென்றால் அவர் தொகையின் 3 மடங்கு, பிளைண்டில் இருந்தால் 4 மடங்கு.

இப்போது தொகை விசயம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பட்டனில் இருந்து 6-க்கு ரெய்ஸ், பெரிய பிளைண்ட் மட்டும் கோல். பொட்டில் 13. மறுகா மூன்று சுற்றிலும் (ஃப்ளொப், நாலாவது சீட்டான டேர்ன், ஐந்தாவதான ரிவர்) நீங்கள் வைக்க, அவர் கோல் பண்ணிக்கொண்டே வருகிறார் என்று வைப்போம். ஒவ்வொரு தடவையும் பொட்டில் மூன்றில் ஒன்று வைத்தால் 4, 7, 12. கடைசியில் உங்கள் 6-உம் சேர்ந்து 29 சில்லு போயிருக்கும். மூன்றில் இரண்டு வைத்தால் 9, 20, 47, மொத்தம் 82. முழுப் பொட்டையும் வைத்தால் 13, 39, 117, மொத்தம் 175, கையிலிருந்த 200-இல் கிட்டத்தட்ட எல்லாம். அதே சீட்டு, அதே எதிராளி. ஃப்ளொப்பில் 4-ஆ 13-ஆ என்ற சின்ன வித்தியாசம் ரிவருக்கு வரும்போது 12-ஆ 117-ஆ என்று ஆகிவிடுகிறது, ஏனென்றால் ஒவ்வொரு வைப்பும் அடுத்த வைப்பைப் பெருக்குகிறது.

ஆகவே ஃப்ளொப்பைக் கண்டதும் யோசிக்க வேண்டியது "என் கை நல்லதா" என்றல்ல, "இந்தக் கைக்கு எவ்வளவு பெரிய பொட் தகும்" என்று. கையிலே சோடி இருந்து மேசையில் மூன்றாவது விழுந்தால் அது செட். அதோடு முழு 200-உம் போகத் தயாராகுங்கள், ஃப்ளொப்பிலிருந்தே பெரிதாக வையுங்கள். "பதுங்கி இருந்து பிறகு பிடிப்போம்" என்று செக் பண்ணினால் (ஒன்றும் வைக்காமல் விட்டால்) ஒரு சுற்றின் பெருக்கலே போய்விடுகிறது, ரிவரில் அதை ஈடுசெய்ய முடியாது. மேசையின் பெரிய சீட்டோடு ஒற்றைச் சோடி, துணையும் நல்லது என்றால் அது இரண்டு வைப்புக்கு உரிய கை, மூன்றுக்கல்ல. இரண்டு சுற்று வையுங்கள், ஒரு சுற்று செக் பண்ணுங்கள். டேர்னிலோ ரிவரிலோ அதுவரை அமைதியாகக் கோல் பண்ணிக்கொண்டு வந்தவர் திடீரென்று ரெய்ஸ் பண்ணினால் ஒற்றைச் சோடியை மடக்குங்கள். வீட்டு மேசைகளில் அந்த ரெய்ஸ் ப்ளஃபாக (நல்ல கை இல்லாமல் மிரட்டுவதாக) இருப்பது அபூர்வம். மடக்கிய பிறகு "காட்டு பார்ப்போம்" என்று கேட்காமல் இருப்பது இன்னும் நல்லது, காட்டினால் அடுத்த தடவை உங்களுக்கு மடக்க மனம் வராது.

சின்னச் சோடிகளுக்கு வேறு கணக்கு. ஃப்ளொப்பில் செட் அடிப்பது எட்டரைக்கு ஒரு தடவை. 6 வைத்துக் கோல் பண்ணுகிறீர்கள் என்றால் உங்களிடமும் அவரிடமும் இன்னும் அதன் 15 மடங்காவது, அதாவது 90 சில்லு இருக்க வேண்டும். எட்டரை மடங்கு ஏன் போதாது? செட் அடித்த எல்லாத் தடவையும் எதிராளி காசு தரமாட்டார், சில தடவை அவர் பெரிய கை முடித்து உங்களையே வெல்வார். அவரிடம் 40 சில்லுதான் மிச்சமென்றால் 5-5 கோலுக்குத் தகாது.

அடுத்தது கோல் விலை. பொட்டில் 20, எதிராளி 10 வைக்கிறார். நீங்கள் 10 கொடுத்தால் பொட் 40 ஆகும், அதில் உங்கள் பங்கு கால்வாசி. ஆகவே 25 வீதமாவது வெல்ல வேண்டும். முழுப் பொட்டை வைத்தால் 33 வீதம், மூன்றில் ஒன்று வைத்தால் 20 வீதம். உங்களை வெல்ல வைக்கும் சீட்டு எத்தனை மிச்சம் என்று எண்ணி, அடுத்த ஒரு சீட்டுக்கு அதை 2-ஆல் பெருக்குங்கள், வீதம் ஏறக்குறைய வந்துவிடும். ஃப்ளஷுக்கு ஒரு சீட்டு குறைவென்றால் 9 சீட்டு மிச்சம், 18 வீதம் (சரியாகச் சொன்னால் 19). இரு பக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட்டுக்கு (அடுத்தடுத்த ஐந்து சீட்டு) 8 சீட்டு, நடுவில் ஓட்டை என்றால் 4.

பலர் 4-ஆல் பெருக்குவார்கள், ஃப்ளஷுக்கு 35 வீதம் என்பார்கள். அந்த 35 டேர்ன், ரிவர் இரண்டையும் சேர்த்த கணக்கு. ஃப்ளொப்பிலேயே யாராவது ஓல்-இன் ஆகி (இருந்த சில்லு முழுவதையும் வைத்து) மேற்கொண்டு வைப்பு இல்லையென்றால் மட்டும்தான் பொருந்தும். இல்லாவிட்டால் டேர்னில் அவர் மறுபடி வைப்பார், நீங்கள் மறுபடி விலை கொடுப்பீர்கள். மேலே சொன்ன கணக்கில் 19 வீதத்துக்கு 25 வீத விலை, நேரடியாகப் பார்த்தால் நட்டம். ஆனால் சீட்டு விழுந்த பிறகு அவரிடமிருந்து சராசரியாக இன்னும் 13 சில்லாவது வாங்கலாம் என்றால் கோல் சரி. ஒரே இனம் மூன்று மேசையில் கண்டதும் பயந்து நிறுத்துகிற ஆளிடம் அந்த 13 வராது, வாயை மூடிக்கொண்டு கோல் பண்ணுகிறவரிடம் தாராளமாக வரும்.

இதையே திருப்பிப் போடுங்கள். உங்களிடம் நல்ல கை, பொட்டில் 40, பாவம் என்று 5 வைக்கிறீர்கள். எதிராளிக்கு 10 வீதம் போதும். ஃப்ளஷ் தேடுகிறவருக்கு அது இனாம். 25 வைத்தால் அவருக்கு 28 வீதம் வேண்டும். வந்தால் நட்டத்தோடு வருகிறார், வராவிட்டால் பொட் உங்களுக்கு.

ப்ளஃப் பற்றி எல்லாருக்கும் ஆசை அதிகம். அரைப் பொட் ப்ளஃப் மூன்றில் ஒரு தடவை பலித்தால் சமம், முழுப் பொட் இரண்டில் ஒரு தடவை. ஒரே ஒருவர் எதிரே என்றால் செய்யலாம். நாலு பேர் எதிரே, ஒவ்வொருவரும் பாதித் தடவை மடக்குவார் என்றே வைத்தாலும், நாலு பேரும் சேர்ந்து மடக்குவது 16-இல் 1. கூட்டாளிமார் மேசையில் பார்க்கும் ஆசைக்காகவே கோல் பண்ணுவார்கள், ஆகவே வெறும் ப்ளஃபைக் குறைத்து, ஃப்ளஷ் அல்லது ஸ்ட்ரெய்ட் தேடுகிற கையால் வையுங்கள். மடக்கினால் நல்லது, மடக்காவிட்டாலும் சீட்டு விழ இடமிருக்கிறது. ஏஸ்-கிங்கும் அப்படித்தான் ஆட வேண்டிய கை. ஃப்ளொப்பில் அதற்குச் சோடி விழுவது மூன்றில் ஒரு தடவைதான். ஒருவருக்கு எதிரே ஒரு தடவை மூன்றில் ஒன்று வையுங்கள், கோல் வந்து டேர்னிலும் ஒன்றும் விழாவிட்டால் நிறுத்துங்கள்.

சண்டை வராமலிருக்கச் சில விதி. "கோல்" என்று சொல்லிவிட்டு "மறுகா இன்னும் 10" என்று கூட்ட முடியாது, வாயால் முதலில் சொன்னதே செல்லும். ரெய்ஸ் குறைந்தது முந்திய கூட்டல் அளவாவது இருக்க வேண்டும்: 2-ஐ ஒருவர் 6 ஆக்கினால் கூட்டியது 4, அடுத்தவர் 10-க்குக் குறைந்து போக முடியாது. 304 பழக்கத்தில் இரண்டு பேர் கண்ணால் பேசிக்கொள்வதும், கூட்டாளிக்கு எதிரே வைக்காமல் விட்டுக்கொடுப்பதும் மூன்றாவது ஆளை ஏமாற்றுவதுதான், தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இனங்களுக்குள் உயர்வு தாழ்வு இல்லை. ஸ்கோப்பன் ஃப்ளஷும் ஆட்டின் ஃப்ளஷும் சீட்டளவில் சமமென்றால் பொட்டைப் பிரிக்க வேண்டும்.

காசு வைத்து ஆட வேண்டாம் என்பது என் பக்கச் சொல். இலங்கையில் சூதாட்டத்துக்குச் சட்டம் இருக்கிறது, அனுமதியில்லாத இடத்தில் காசு வைத்தால் பொலிஸ் வரை போகலாம். ஆனால் சில்லு முடிந்ததும் உடனே புதிதாக 200 எடுக்க விட்டால் யாரும் மடக்கமாட்டார்கள். அதனால் போட்டியாக ஆடுங்கள், சில்லு முடிந்தவர் வெளியே. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை பிளைண்டைக் கூட்டுங்கள்: 1/2, 2/4, 3/6, 5/10, 8/16, 10/20, 15/30, 20/40, 30/60. ஆறு பேருக்கு ஏறக்குறைய மூன்று மணித்தியாலத்தில் முடியும். கையில் 10 பெரிய பிளைண்ட் அல்லது அதற்குக் குறைவு என்று வந்தால் சின்ன ரெய்ஸுக்கு இடமில்லை, ஓல்-இன் அல்லது மடக்கு. அப்போது மூவர் மோதினால் பக்கப் பொட் வரும்: 30 வைத்திருந்தவர் ஓல்-இன், மற்ற இருவரும் ஆளுக்கு 80 வைத்தார்கள் என்றால், முதல் பொட் 90-இல் மூவருக்கும் உரிமை, மீதி 100 அந்த இருவருக்குள் மட்டும். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சும்போது பட்டன்காரரே சின்ன பிளைண்ட் வைப்பார், ஃப்ளொப்புக்கு முன் அவர் முதலில் பேசுவார், பிறகு கடைசியில் பேசுவார்.