கேள்வி–பதில்: நின்டெண்டோவின் கணக்கு

*ஸ்விட்ச் என்ற கேம் மெஷின் (கன்சோல்) வாங்குவது பற்றியும் அதைச் செய்யும் ஜப்பான் கம்பெனி நின்டெண்டோ பற்றியும் சேலம் வட்டார வாசகர்கள் கேட்டவற்றில் ஐந்து கேள்விகள் இங்கே.*

பிளேஸ்டேஷன் பெட்டியில் எம்.ஆர்.பி. இருக்கிறது, வாரண்டி இருக்கிறது. ஸ்விட்ச் பெட்டியில் இரண்டையும் காணோம். ஐந்து ரோட்டில் ஒரு விலை, பெங்களூரில் ஒரு விலை சொல்கிறார்கள். வருவதெல்லாம் போலியா?
*– வாசகர், அம்மாபேட்டை*

போலி இல்லை. நின்டெண்டோ ஸ்விட்சையும் அடுத்து வந்த ஸ்விட்ச் 2-ஐயும் இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. சோனி, பிளேஸ்டேஷன் 5-ஐ 2021 பிப்ரவரி 2 அன்று 49,990 ரூபாய் விலையில் இங்கே முறைப்படி இறக்கியது. மைக்ரோசாஃப்டின் புதிய எக்ஸ்பாக்ஸ் அதற்கு முன்பே, 2020 நவம்பரில் வந்துவிட்டது. நின்டெண்டோ பெட்டியை மட்டும் தனி வியாபாரிகள் வெளிநாட்டில் வாங்கிக் கொண்டுவருகிறார்கள். டாலர், யென் மதிப்பு, சுங்கம், அவரவர் வைக்கும் லாபம் எல்லாம் சேர்ந்துதான் கடைக்குக் கடை விலை மாறுகிறது.

வாரண்டி என்று கடைக்காரர் சொல்வது அவருடைய சொந்த வாக்கு. அதை வாயளவில் விட்டுவிடாதீர்கள். சீரியல் எண், எத்தனை மாதம், ஜாய்-கானுக்கும் (இரு பக்கமும் மாட்டும் கன்ட்ரோலர்) டாக்குக்கும் (டி.வி.யோடு இணைக்கும் தாங்கி) அது பொருந்துமா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். முதலில் கெடுவது பெரும்பாலும் ஜாய்-கான் ஸ்டிக்தான். அதன் உள்ளே மெல்லிய கார்பன் பட்டை மேல் ஒரு தொடுமுனை ஓயாமல் உரசுகிறது. பட்டை தேய்ந்ததும் நாம் தொடாமலேயே பாத்திரம் தானாக நகரும். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே சோதித்துவிடலாம். சிஸ்டம் செட்டிங்ஸில் கன்ட்ரோலர்ஸ் பகுதிக்குப் போய் 'கேலிபரேட் கன்ட்ரோல் ஸ்டிக்ஸ்' திறந்து, ஸ்டிக்கை எல்லாப் பக்கமும் ஒரு சுற்றுச் சுற்றிக் கையை எடுங்கள். குறி நடுவுக்குத் திரும்பி அசையாமல் நிற்க வேண்டும். துடித்தாலோ ஒரு பக்கம் ஒதுங்கினாலோ வேறு ஜோடி கேளுங்கள்.

அடாப்டரின் அடியில் உள்ள எழுத்தையும் படியுங்கள். ஸ்விட்ச் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று இருக்கும். நம் சாக்கெட்டுக்கேற்ற பிளக் மாற்றி போதும். அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்த, நின்டெண்டோவின் பழைய வீ மெஷின் என்றால் அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டுமானது. நம் 230 வோல்ட்டில் செருகினால் அப்போதே எரிந்துபோகும்.

கன்சோல் கம்பெனிகள் பெட்டியை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு கேமில் சம்பாதிக்கின்றன என்கிறார்களே, நின்டெண்டோவும் அப்படித்தானா? பிறகு ஏன் பழைய கேமின் விலையைக்கூடக் குறைப்பதில்லை?
*– பி.காம். மாணவி, அஸ்தம்பட்டி*

சோனி அந்த வழியில் போனது உண்மை. 2006-ல் பிளேஸ்டேஷன் 3-இன் உயர்ரகப் பெட்டியை 599 டாலருக்கு விற்றும் தயாரிப்புச் செலவு அதற்கு மேல் இருந்தது. பிளேஸ்டேஷன் 5-இல் டிஸ்க் பெட்டி நஷ்டத்திலிருந்து மீண்டுவிட்டதாக 2021 ஆகஸ்டில்தான் சோனி அறிவித்தது. அப்படிப் போட்ட பணத்தை அவர்கள் மற்ற கம்பெனி கேம்கள் மூலம் திரும்ப எடுக்கிறார்கள். டிஜிட்டல் கடையில் விற்கும் கேமில் சுமார் 30 சதவீதம் கடைக்காரருக்கு, அதாவது கன்சோல் கம்பெனிக்கு.

நின்டெண்டோவின் வழி வேறு. அவர்கள் மெஷினில் அதிகம் விற்பவை அவர்களே எழுதிய கேம்கள். கமிஷனாக ஒரு பங்கு மட்டும் வருவதற்குப் பதில் முழு லாபமும் உள்ளேயே தங்குகிறது. மரியோ கார்ட் 8 கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல், ஸ்விட்சுக்கு முந்தைய வீ யு மெஷினுக்காகச் செய்தது அது. அந்த மெஷின் படுத்துவிட்டது, மொத்தமே 1.36 கோடி பெட்டிகள்தான் விற்றன. 2017 ஏப்ரலில் சில சேர்க்கைகளோடு அதே கேமை ஸ்விட்சுக்கு 59.99 டாலர் முழு விலையில் கொண்டுவந்தார்கள். விற்றது 6 கோடிக்கு மேல். செய்த செலவு எப்போதோ முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு விற்ற ஒவ்வொன்றிலும் வந்தது ஏறக்குறைய லாபம்தான்.

விலையைக் குறைக்காததற்கும் இதுவே காரணம். ஆறு மாதம் பொறுத்தால் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று ஒருமுறை பழக்கிவிட்டால் அடுத்த கேமை யாரும் முதல் நாளில் வாங்கமாட்டார்கள். வாங்குகிறவருக்கும் இதில் ஒரு நன்மை உண்டு. நின்டெண்டோ கார்ட்ரிட்ஜை (கேம் பதிந்த சிறு கார்டு) ஆடி முடித்து விற்றாலும் போட்ட பணத்தில் பெரும்பங்கு திரும்பி வரும். மாணவர்களுக்கு எங்கள் யோசனை: டவுன்லோடு வேண்டாம், கார்ட்ரிட்ஜே வாங்குங்கள். டவுன்லோடு செய்த கேமை மறுபடி விற்க வழியில்லை.

இந்தக் கணக்கில் பெரிய ஆபத்தும் இருக்கிறது. சோனிக்குப் படம், இசை, கேமரா சென்சார் என்று பல தொழில்கள். மைக்ரோசாஃப்டுக்கு விண்டோஸ் இருக்கிறது. நின்டெண்டோவுக்கு மெஷின் விழுந்தால் கம்பெனியே ஆட்டம் காணும். 2009 மார்ச்சில் முடிந்த ஆண்டில் சுமார் 1.84 லட்சம் கோடி யென் விற்றவர்கள், 2012 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 65,000 கோடி யென்னுக்கு இறங்கி, 4,320 கோடி யென் நிகர நஷ்டம் கண்டார்கள். வீயின் வேகம் அடங்கியது, யென் வலுத்தது, புதிதாக வந்த 3டிஎஸ் கைமெஷின் ஆரம்பத்தில் எடுபடவில்லை. 249.99 டாலராக இருந்த 3டிஎஸ்-ஐ வெளிவந்த ஐந்தே மாதத்தில் 169.99-க்கு இறக்கினார்கள். தலைவர் சதோரு இவாதா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். சமீப ஆண்டுகளில் தீம் பார்க், சினிமா என்று நின்டெண்டோ கால் வைத்திருப்பதை இந்த அனுபவத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சக்தி குறைந்த மெஷின் என்று எல்லோரும் சொல்லும் ஸ்விட்ச் எப்படி முன்னால் நிற்கிறது?
*– வாசகர், சூரமங்கலம்*

ஸ்விட்ச் வந்தது 2017 மார்ச்சில். அதில் இருந்த என்விடியா டெக்ரா எக்ஸ்1, 2015-லேயே சந்தைக்கு வந்துவிட்ட சிப் வகை. பழகிய, மலிவான பாகத்தை எடுத்துப் புதிய விதத்தில் பயன்படுத்துவது கேம் பாய் கைமெஷினை உருவாக்கிய குன்பெய் யொகோய் காலத்திலிருந்து அவர்கள் வழக்கம்.

சிப்பைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. முன்பு கைமெஷினுக்கு ஒரு குழு, டி.வி. மெஷினுக்கு இன்னொரு குழு என்று கேம் எழுதுபவர்கள் பிரிந்து கிடந்தார்கள். இரண்டு மெஷினுக்கும் கேம் போதாமல் போனது. ஸ்விட்சில் இரண்டும் ஒன்றானதும் எல்லாருடைய உழைப்பும் ஒரே இடத்தில் சேர்ந்தது. விற்பனை 15 கோடியைத் தாண்டியது. பிளேஸ்டேஷன் 5, 2025 நடுவில் 8 கோடி அளவில் இருந்தது. ஆனால் இரண்டையும் நேர் போட்டியாளர்கள் என்று சொல்லமாட்டோம். இரண்டையும் வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். சோனியோடு நேருக்கு நேர் மோதி இடம் இழந்தது எக்ஸ்பாக்ஸ்தான்.

ஜப்பான் ஸ்விட்ச் 2 பல ஆயிரம் ரூபாய் குறைவு என்கிறார்கள். வாங்கலாமா?
*– வாசகர், ஆத்தூர்*

வேண்டாம். 2025 ஜூன் 5-ல் வெளிவந்தபோது ஜப்பானில் இரண்டு வகை விற்றார்கள். ஜப்பான் மொழி மட்டும் உள்ளது 49,980 யென். பல மொழிகள் உள்ளது 69,980 யென். யென் மதிப்பு சரிந்திருந்ததால் மலிவான பெட்டிகளை வெளிநாட்டு வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போகாமலிருக்கப் போட்ட பூட்டு இது. மலிவு வகையில் மெனு ஜப்பான் மொழியில் மட்டுமே வரும், ஜப்பான் நாட்டுக் கணக்கை மட்டுமே இணைக்க முடியும். அந்நாட்டு ஆன்லைன் கடை வெளிநாட்டு கிரெடிட் கார்டுகளை 2025 மார்ச் முதல் ஏற்பதில்லை.

வேறு நாட்டுப் பெட்டி வாங்கினாலும் இரண்டைக் கவனியுங்கள். கார்ட்ரிட்ஜ் எந்த நாட்டுடையதோ, கூடுதல் பகுதிகளையும் அந்த நாட்டுக் கடையில்தான் வாங்க வேண்டும். இல்லையென்றால் பணம் போகும், கேமில் சேராது. இரண்டாவது, ஸ்விட்ச் 2-இல் கேம் பதிய மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் அட்டை மட்டுமே பயன்படும். போனில் போடும் சாதாரண அட்டையில் பதியாது.

பிறர் பயன்படுத்திய பழைய மெஷின் என்றால் உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, நின்டெண்டோவின் ஆன்லைன் கடையான ஈஷாப் திறக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். திருட்டு கேம் கார்ட்ரிட்ஜ் போட்ட மெஷின்களை நின்டெண்டோ ஆன்லைனில் தடுத்துவிடுகிறது. தடை ஆளுக்கு அல்ல, மெஷினுக்கு. கை மாறினாலும் நீங்காது.

ஏற்காட்டில் எஸ்டேட் வீடு. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வரும்போது மட்டும் ஸ்விட்ச் எடுக்கிறோம். போன முறை கேம் கார்டு படிக்கவே இல்லை. என்ன செய்வது?
*– வாசகி, ஏற்காடு*

குற்றம் பெரும்பாலும் ஈரத்தில் இருக்கும். மூடுபனி வீட்டுக்குள் நுழையும் ஊரில் கார்ட்ரிட்ஜின் பித்தளை நிற முனைகளில் மெல்லிய படலம் படியும். உலர்ந்த மென்துணியால் முனைகளைத் துடைத்து, நான்கைந்து தடவை செருகி எடுங்கள். பிள்ளைகளை வாயால் ஊத விடாதீர்கள். மூச்சின் ஈரமே முனையை அரிக்கும்.

லீவு முடிந்ததும் மெஷினையும் கார்ட்ரிட்ஜ்களையும் இறுக மூடும் டப்பாவில், சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பேட்டரியை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் செய்ய வேண்டும். அடியோடு காலியாகிக் கிடந்தால் பிறகு சார்ஜே ஏறாமல் போகலாம். குளிரில் கிடந்த மெஷினைச் சூடான அறைக்குக் கொண்டுவந்த உடனே ஆன் செய்யாமல் ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள். சேலத்துக்கு எடுத்துச் சென்றால் எதிர்ச்சிக்கல்: இது ஓடுவதற்கான வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி வரை. ஏப்ரல், மே பகலில் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் டாக்கில் வைத்து ஆடினால் சூடேறித் தானாக ஸ்லீப் நிலைக்குப் போய்விடலாம்.

இடி மழை வந்தால் டாக்கின் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. கூரை மேல் உள்ள டிஷ் கேபிள் வழியாக செட்-டாப் பாக்சுக்கும், அங்கிருந்து டி.வி.க்கும், டி.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாக டாக்குக்கும் மின்னல் பாயும். எச்.டி.எம்.ஐ.யையும் சேர்த்துக் கழற்றிவிட்டு, மழை விடும்வரை மெஷினைக் கையில் வைத்து பேட்டரியில் ஆடச் சொல்லுங்கள்.